வாசகர் கேள்வி: விசா ஆவணங்களைத் தபாலில் அனுப்பலாமா?

கேள்வி: விசா விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூலப் பிரதியாகவே தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள். பதிவுத் தபாலா, தனியார் கூரியரா, எது பத்திரம்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். விசா விண்ணப்பங்கள் வந்து சேரும் ஓர் அலுவலகத்தில், கவர்களைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றும் மேசையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே என் கண்ணில் பட்ட சிக்கல்களில் பெரும்பாலானவை பயண வழியில் வந்தவை அல்ல. முகவரியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் தாள் யாருடையது என்றே தெரியாது. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

தபாலா, கூரியரா என்பதை முடிவுசெய்யும் முன் விண்ணப்பக் குறிப்பை நிதானமாகப் படியுங்கள். தபாலுக்கு ஒரு முகவரி, கூரியருக்கு வேறொரு முகவரி என்று கொடுக்கிற அலுவலகங்கள் உண்டு. தபால்பெட்டி எண் மட்டும் உள்ள முகவரிக்குத் தனியார் கூரியர் பொதுவாகக் கொண்டுபோய்க் கொடுக்காது. பதிவுத் தபால் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் பதிவும், பெறும் இடத்தில் கையெழுத்தும் உண்டு. அவசரம் என்றால் தபால் துறைகளே நடத்தும் இ.எம்.எஸ். விரைவு அஞ்சல் இருக்கிறது. தனியார் கூரியர் என்றால் முதலில் பாஸ்போர்ட்டை ஏற்பார்களா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் சில நாடுகளுக்கு ஏற்பதில்லை. அதை மறைத்து ‘புத்தகம்’ என்று எழுதிக் கொடுக்கவே கூடாது. தொலைந்தால் உங்கள் புகாரை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

காப்பீட்டைப் பெரிதாக நம்பாதீர்கள். ஆவணத்துக்கு இழப்பீடு கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு வரம்புக்குள்தான் கிடைக்கும். போன விசா தேதியை அது திருப்பித் தராது. கொடுக்கிற காசு கண்காணிப்பு எண்ணுக்கும் பெறுபவர் கையெழுத்துக்கும் போகட்டும்.

இனி கவர். அனுப்பும் முன் எல்லாத் தாளையும், பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்து வையுங்கள். என்னென்ன வைத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, மேலே பெயர், விண்ணப்ப எண், தொலைபேசி எண் போட்டு முதல் தாளாக வையுங்கள். பிரிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அந்தப் பட்டியல் இருந்த கவரைப் பதிவு செய்ய எனக்கு அதிக நேரம் ஆனதே இல்லை. ஒவ்வொரு நகலின் பின்னாலும் விண்ணப்ப எண்ணைப் பென்சிலால் எழுதலாம்; மூலச் சான்றிதழில் எதையும் எழுத வேண்டாம்.

தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வளையாத அட்டையோடு சேர்த்து, ஒட்டினால் கிழிக்காமல் பிரிக்க முடியாத கவரில் வையுங்கள். கவர் தாளைவிட ஒரு விரல் அகலமாவது பெரிதாக இருக்கட்டும். அலுவலகங்களில் கவரின் ஓரத்தைத்தான் வெட்டித் திறப்பார்கள். இறுக்கமாகத் திணித்த சான்றிதழின் விளிம்பு அந்த வெட்டிலேயே போய்விடும். புகைப்படத்தை ஸ்டேப்ளர் பின் போட்டுக் குத்தாமல் சின்ன உறையில் போடுங்கள். ரொக்கம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் கவரில் நாட்டின் பெயர் கடைசி வரியில், தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முகவரிச் சீட்டின் மேல் தெளிவான செலோ டேப் ஒட்டினால் மழையில் மை கரையாது. அதே முகவரிகளை, உங்களுடையதையும் சேர்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கவருக்குள்ளும் போட்டுவிடுங்கள். வெளிச்சீட்டு கிழிந்தாலும் கவர் திரும்பி வர வழி இருக்கும். ரசீதில் கவரின் எடை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ‘உள்ளே பாஸ்போர்ட் இல்லை’ என்று யாராவது சொன்னால், அந்த எடைதான் உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: மகளின் படிப்பு விசாவுக்காக பாஸ்போர்ட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கண்காணிப்பில் ஒரே இடத்தில் நிற்கிறது. ‘தொலைந்துவிட்டது என்று போலீசில் சொல்லிவிடுங்கள், புதிது வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறார்கள் உறவினர்கள். செய்யட்டுமா?

பதில்: ஐயா, தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம். தொலைந்ததாகப் பதிவானதும் அந்தப் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிடுவார்கள். அந்த எண், தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்காக இன்டர்போல் 2002 முதல் வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கும் போகலாம். மறுவாரமே கவர் வந்து சேர்ந்தாலும் அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துப் பயணம் செய்ய முடியாது, எல்லையில் நிறுத்திவிடுவார்கள். அதில் ஒட்டிய விசாவும் வீண்.

முதலில் எண்ணைப் பாருங்கள். பன்னாட்டுப் பதிவுத் தபால் எண்ணில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், பிறகு அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஆக 13 இருக்கும். ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டும் சரியா என்று சரிபார்ப்பதற்கானது. ‘தவறான எண்’ என்று வந்தால் தட்டச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எண் சரி என்றால் சேரும் நாட்டின் தபால் துறை வலைத்தளத்திலும் அதே எண்ணைப் போட்டுப் பாருங்கள். இங்கே நிற்பதாகக் காட்டுவது அங்கே நகர்ந்திருக்கும். சுங்கத்திலும் விமான மாற்றத்திலும் நாள்கணக்கில் பதிவே ஏறாமல் இருப்பது சாதாரணம். விசா அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வந்த கவர் பதிவேட்டில் ஏறாமல் மேசையில் காத்திருப்பதும் நடக்கிறதுதான்.

அப்புறமும் தெரியவில்லை என்றால், அனுப்பிய தபால் நிலையத்தில் எழுத்து மூலம் விசாரணை கேளுங்கள். பெறுபவரிடம் சேரும்வரை தபால் அனுப்பியவருக்கே சொந்தம் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. அதனால் நீங்களே கேட்பதுதான் சரி. கவர் போட்ட மறுநாளிலிருந்து ஆறு மாதம் வரை கேட்கலாம். அதற்காக அத்தனை நாள் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே கொடுங்கள். கவர் கிடைக்கவில்லை என்று தபால் துறை எழுத்தில் சொன்ன பிறகு, அல்லது யாரோ பிரித்துப் பார்த்தது உறுதியானால், அப்போது புகார் கொடுங்கள். மகளின் வகுப்பு தொடங்கும் தேதியைக் கல்லூரிக்குச் சொல்லி, தாமதமாகச் சேர அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில் தாள் பின் அடித்து இருக்கிறது. கழற்றி நகல் எடுத்துவிட்டு மறுபடி குத்தலாமா?

பதில்: கழற்றாதீர்கள். ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குக் காட்ட, 1961-இல் ஏற்பட்ட ஹேக் உடன்பாட்டின்படி கொடுக்கும் சான்று அது. எந்த ஆவணத்தோடு சேர்த்தார்களோ அதோடு இருந்தால்தான் மதிப்பு. கழற்றிய தடம் தெரிந்தாலே சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மடித்துப் பிடித்தபடியே நகல் எடுங்கள், ஓரம் கோணினால் பரவாயில்லை. லேமினேட் செய்யவும் வேண்டாம்.

கேள்வி: பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வரும். பகலில் வீட்டில் யாருமே இருக்க மாட்டோம்.

பதில்: திரும்பும் முகவரியாக வேலை செய்யும் இடத்தைக் கொடுக்க விடுகிறார்களா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் கூரியர் அலுவலகத்திலேயே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். வேறு அடையாள அட்டை ஒன்று கையில் வேண்டும். திரும்பும் கவரை நீங்களே ஒட்டி அனுப்பியிருந்தால் அதன் எண்ணையும் படம் எடுத்து வைத்திருங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கையில் வந்ததும் அங்கேயே பிரித்து, விசாவில் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், செல்லுபடி நாள் நான்கையும் பாருங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதுங்கள்.