கடன் வாங்கி நர்ஸ் ஆக்காதீர்கள்

பரமக்குடியிலிருந்து ஒரு அம்மா, பிளஸ் டூ முடித்த மகளோடு வந்திருந்தார். மகளுக்கு நர்சிங் ஆசை. அத்தை ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சீட்டே பேசி வைத்துவிட்டாராம், பணத்துக்குக் கல்விக்கடன். அம்மாவின் பயம் வேறு: "நர்ஸ் வேலையில பிள்ளையைப் பிழிஞ்சிருவாங்களாமே சார்?" ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

பிழிவார்கள்தான் அம்மா. பல தனியார் மருத்துவமனைகளில் 12 மணி நேர டூட்டி உண்டு. ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. பரிந்துரைதானே, அதற்குக் கீழே வாங்குகிறவர்களை நானே பார்க்கிறேன். அரசு வேலையும் உடனே சொர்க்கமில்லை. 2015இல் தேர்வெழுதிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் பணி நிரந்தரம் என்று எதிர்பார்த்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் போராட உட்கார்ந்தார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்குக் கடனோடு போனால் என்ன ஆகும்? மாதத் தவணை இருக்கும்வரை "இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டேன்" என்று அவளால் சொல்லவே முடியாது. அதனால்தான் அத்தையின் சீட்டை வேண்டாம் என்கிறேன்.

அரசு செவிலியர் பள்ளிகளின் டிப்ளமோவை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா? மூன்று வருடப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். பள்ளி பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஒட்டியே இருக்கும். கட்டணம் சொற்பம், மாதம் சிறிய உதவித்தொகையும் உண்டு. பிரசவ வார்டு, தீக்காய வார்டு, அவசர சிகிச்சை என்று கூட்டத்துக்கு நடுவில் கை பழகும்; சில தனியார் கல்லூரி மாணவிகள் அந்த அனுபவத்துக்காக இதே மருத்துவமனைகளுக்குத்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். முடித்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு. எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு நர்ஸ் ஆக பி.எஸ்சி. படித்தவளுக்கும் இவளுக்கும் ஒரே வாசல்தான். பட்டம் இல்லையே என்று அத்தைக்கு உறுத்தினால், பின்னால் டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் வாங்க இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. கிடைத்தால் சந்தோஷமாகச் சேருங்கள். இடம் குறைவு என்பதால் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள்.

சரி, அவளுக்குத் தாங்குமா? இதை அம்மாவிடம் கேட்கவில்லை, அவளிடமே கேட்டேன். இரண்டு வருடமாகப் பாட்டிக்கு இன்சுலின் போடுவதும், காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் அவள்தானாம். "நாத்தம் பழகிருச்சு சார். பாட்டி திட்டுறதுதான் பழகல."

அம்மா, சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.