பூக்கிறது, காய்க்கவில்லை: வீட்டுத் தோட்டம் வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்புறம் வைத்திருக்கும் பாவ்பாவ் மரம் சில ஆண்டுகளாகச் சித்திரை மாதத்தில் நிறையப் பூக்கிறது; ஒரு காய்கூடப் பிடிப்பதில்லை. என்ன உரம் இடலாம்?

பதில்: உரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் ஒரே ஒரு மரத்தைத்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஓடைக்கரையோரம் தானாகவே வளரும் இந்த மரம், பெயரைக் கேட்டுப் பலர் எண்ணுவதுபோல் பப்பாளிக்கு உறவன்று. நம் சீத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை துளிர்ப்பதற்கு முன்பே மொட்டைக் கிளைகளில் கருஞ்சிவப்பாகக் கவிழ்ந்து தொங்கும் அதன் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருந்தாலும், சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் பருவத்தில் அதே பூவின் மகரந்தம் முதிர்ந்திருப்பதில்லை. மகரந்தம் உதிரத் தொடங்கும்போது சூல்முடியின் பருவம் கடந்துபோயிருக்கும். அது போதாதென்று, பெரும்பாலான பாவ்பாவ் மரங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதும் இல்லை.

ஆகவே மரபு வேறுபட்ட இன்னொரு மரம் வேண்டும். உங்கள் மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதால் பயனில்லை, அதுவும் அதே மரம்தான். ஷெனாண்டோவா, சஸ்குவஹானா போன்ற ஒட்டு வகைகளில் ஒன்றைத் தொட்டியில் வளர்ந்த கன்றாக வாங்கி, ஆணிவேர் ஒடியாமல், எட்டு முதல் பத்து அடி தள்ளி நடுங்கள். விதையிலிருந்து வளர்ந்த கன்று என்றால் முதல் ஓரிரு ஆண்டுகள் கடும் வெயில் படாமல் நிழல் கட்ட வேண்டும். அதன் பிறகு முழு வெயிலில் நின்றால்தான் காய்ப்பு நன்றாக இருக்கும்.

புதிய கன்று பூக்கும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒஹாயோவில் இந்த மரம் காட்டிலேயே கிடைக்கிறது. 2009இல் அதன் பழத்தை மாநிலத்தின் சொந்தப் பழமாகவே அறிவித்திருக்கிறார்கள். வேறு மரம் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, உள்ளே பழுப்பு நிறமாகி, தொட்டால் பொடி உதிரும் பூக்கள் சிலவற்றைப் பெற்று வாருங்கள். அந்தப் பொடியை மென்மையான தூரிகையில் எடுத்து, உங்கள் மரத்தில் இதழ் இன்னும் முழுதாக விரியாமல், சூல்முடி பச்சையாகப் பளபளக்கும் பூக்களில் தடவுங்கள். தேனீக்களை நம்பிப் பயனில்லை. அழுகல் வாடையை நாடும் ஈக்களும் சிறு வண்டுகளுமே இந்தப் பூவைத் தேடி வருபவை, அவையும் வேண்டிய அளவுக்கு வருவதில்லை. கைவைத்தியம் நன்றாகப் பலித்துவிட்டால், ஒரே கொத்தில் பல காய்கள் திரண்டு கிளை முறியக்கூடும். சிலவற்றை இளம் பிஞ்சாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். பழத்தை ஆவணி, புரட்டாசி வாக்கில், விரலால் அழுத்தினால் மெல்ல இளகும் பதத்தில் பறித்து, தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மேரிலாந்தில் இருக்கும் தங்கை பாவ்பாவ் விதை கொண்டுவருவதாகச் சொல்கிறாள். கோவையில் வளருமா?

பதில்: ஈரம் காயாமல் மூன்று, நான்கு மாதம் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் விதை முளைக்கும், ஆனால் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழ வேண்டிய மரத்துக்குக் கோவைச் சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காது. மேலும், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி தவறு; தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த இடத்தில் சீத்தா வையுங்கள். அதன் பூவுக்கும் இதே குணம் உண்டு என்பதால், முழுதாக விரிந்த பூவின் மகரந்தத்தைக் காலை வேளையில் எடுத்துப் பாதி விரிந்த பூவில் தடவினால் காய்ப்பு கூடும். வறண்ட கோடைக் காற்றில் சூல்முடி காய்ந்துவிடுவதால் அப்போது உதிரும் பூக்களைக் கண்டு கவலைப்பட வேண்டாம். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் காய் பிடிக்கும்.

கேள்வி: தஞ்சாவூரில் வீட்டுக் கொல்லையில் ஐந்து பப்பாளி நிற்கின்றன. இரண்டில் நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்குகிறது, காய் இல்லை. மழைக்காலத்தில் இன்னொரு கன்று அடித்தண்டு அழுகிச் செத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: நீளக் காம்பில் தொங்கும் பூ ஆண் பூ, அவை இரண்டும் ஆண் மரங்கள். பெண் பூ தண்டை ஒட்டி, அடிப்பகுதி பருத்து இருக்கும். கோ 2, கோ 8 போன்ற வகைகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள் என்பதால், பதினைந்து, இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவைப்பது வழக்கம். உங்களிடம் மற்ற மூன்றும் பெண் என்றால் ஓர் ஆண் தாராளம், இன்னொன்றை வெட்டிவிடுங்கள். பக்கத்துக் கொல்லையில் ஆண் மரம் நின்றால் இரண்டையுமே வெட்டலாம். அடுத்த முறை கோ 7 அல்லது ரெட் லேடி விதையை நம்பகமான இடத்தில் வாங்கினால் ஆண் மரம் வரும் சிக்கலே இல்லை. எப்படியிருந்தாலும் குழிக்கு இரண்டு, மூன்று கன்றுகள் நட்டு, பூ வந்த பிறகு ஒன்றை மட்டும் நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

கன்று செத்ததற்குக் காரணம் தேங்கிய நீர். களிமண்ணில் ஒரு நாள் நீர் நின்றாலும் பப்பாளி தாங்காது. மண்ணை மேடாக அணைத்து அதன் மேல் நட்டு, தண்டைத் தொடாதபடி வட்டப் பாத்தியில் நீர் விடுங்கள். இலையில் மஞ்சள் தேமலும் காயில் வளையங்களும் கண்டால் அது அசுவினி பரப்பும் நச்சுயிரி நோய்; மருந்து கிடையாது, மரத்தைப் பிடுங்கிவிட வேண்டும். பூசணி, வெள்ளரிக் கொடிகளைப் பப்பாளிக்கு அருகில் ஏற்றாமல் இருப்பதும் நல்லது.

கேள்வி: கொய்யா மரம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வெட்டினால் காய்ப்பு குறையுமா?

பதில்: குறையாது. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் நுனிக்கிளைகளைக் கவாத்து செய்யுங்கள்.