சென்னையில் போன பயம் ஊரில் ஏன் திரும்புகிறது?

வணக்கம் ஆச்சி. சென்னையில் பக்கத்து வீட்டு நாயைத் தடவிக் கொடுக்கும் மகன், போன வருடம் நாய் துரத்திய செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் ஆயா (பாட்டி) வீட்டு முகப்பை மிதித்ததும் அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். இது அடம் இல்லை, திட்டாதீர்கள்.

நாயோடு பயத்தை முடிச்சுப் போடுவது மூளையின் அமிக்டலா. நடந்த இடத்தையும் அதில் சேர்ப்பது ஹிப்போகேம்பஸ். அந்த ஆத்தங்குடித் தரை, தேக்குத் தூண், வளவிலிருந்து (உள்முற்றம்) வரும் வெளிச்சம் எல்லாமே அவனுக்கு நாய்தான். பழகப் பழகப் பயம் குறையும்போது பழைய நினைவு அழிவதில்லை. ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் ஏறுகிறது. அந்தப் பாடமோ படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். சென்னையில் படித்தது முகப்பில் எளிதில் செல்லுபடியாகாது. அடங்கிய பழக்கம் சில காலம் கழித்துத் தானே தலைதூக்கும் என்று ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் 1927-லேயே எழுதிவிட்டார் (அவரும் நாய்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார், என்ன செய்வது!).

ஆகவே பாடத்தை அங்கேயே நடத்துங்கள். முதலில் ஐயாவோடு (தாத்தா) வெளித் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் தின்னட்டும். மறுநாள் முகப்பு. சாதுவான நாய் அதற்கும் பிறகு, கட்டிய நிலையில், தூரத்தில். நடுங்கினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தில் இருந்து, சற்றுத் தணிந்ததும் கிளம்புங்கள். தூக்கம் கெட்டாலோ பள்ளிக்குப் போக மறுத்தாலோ குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.