ஒரே கருப்பு-வெள்ளை நெகட்டிவ்: ஒரு பிரிண்ட் நீலக் கருப்பு, இன்னொன்று பழுப்பு. பேப்பரில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல்தான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். ஆனால் பேப்பரும் இடம் கொடுக்க வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது திட்டு வாங்கித்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் கீழக்கரையில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு நிக்காஹ் ஆல்பத்துக்கு அறுபது பிரிண்ட். சோம்பேறித்தனத்தில், ஒரு தடவை ஊற்றிய டெவலப்பரிலேயே அத்தனையையும் போட்டு எடுத்துவிட்டேன். பெண்ணின் வாப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "என்ன தம்பி, முதல் பாதி காலையில எடுத்தது, பின் பாதி மஃரிபுக்கு எடுத்ததா?" என்றார். எல்லாமே ஒரே கூடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த படங்கள்.

நடந்தது இதுதான். பேப்பரில் இருக்கும் வெள்ளி உப்பு வெள்ளியாக மாறும்போது, அதோடு சேர்ந்திருந்த ப்ரோமைடு கழன்று ட்ரேக்குள் வந்துவிடும். அந்த ப்ரோமைடு டெவலப்பரின் கையைப் பிடித்து இழுக்கும். போதாததற்கு டெவலப்பரில் வேலை செய்யும் மருந்தான ஹைட்ரோகுவினோனும் தீர்ந்துகொண்டே வரும். வேகம் குறைந்தால் வெள்ளித் துகள் பொடியாகவே நின்றுவிடும். நன்றாக வளர்ந்த துகள் கடற்பாசிக் கொத்து மாதிரி நூல்நூலாகச் சுருண்டிருக்கும். எல்லா நிற ஒளியையும் விழுங்குவதால் கண்ணுக்குக் கருப்பு. பொடித்துகளோ நீலத்தை அதிகமாக விழுங்கும். அதனால் பழுப்பாகத் தெரியும். வெள்ளி ஒன்றுதான், துகளின் அளவும் வடிவமும்தான் வேறு.

காக்கா (ஸ்டூடியோக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) இதையே வேண்டுமென்று செய்வார். நாங்கள் கலக்கியது கோடாக் டி-72 என்ற டெவலப்பர். ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்பைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, சோடியம் கார்பனேட் (மோனோஹைட்ரேட்) 80, பொட்டாசியம் ப்ரோமைடு 2. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால் சுத்தக் கருப்பு. வயசானவர்கள் படத்துக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றி, ப்ரோமைடு கரைசலும் கொஞ்சம் விடுவார். என்லார்ஜரில் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழவைக்கும் கருவி) ஒளி கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ட்ரேயிலும் நேரம் பிடிக்கும். ப்ரோமைடு மிஞ்சினால் பழுப்பு போய்ப் பாசிப் பச்சை தட்டும், அது அசிங்கம். நீலக் கருப்பு வேண்டுமென்றால் ப்ரோமைடுக்குப் பதில் பென்சோட்ரையசோல்.

இந்த வித்தையெல்லாம் குளோரோப்ரோமைடு (வெள்ளி குளோரைடும் வெள்ளி ப்ரோமைடும் கலந்த) பேப்பரில்தான் நன்றாகப் பலிக்கும். வெறும் ப்ரோமைடு பேப்பர் அவ்வளவாக அசையாது. இப்போது வாங்கும் சாதாரண மல்டிகிரேடு (ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய) பேப்பரிலும் மாற்றம் மெலிதாகத்தான் இருக்கும். முதலில் பேப்பர் என்னவென்று பாருங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெக்கை. டெவலப்பருக்குச் சொல்லப்படும் சூடு 20 டிகிரி. எங்கள் அறையில் முப்பதுக்குக் கீழே இறங்காது. படம் மளமளவென்று கறுக்கும், பயந்துபோய்ப் பாதியிலேயே தூக்குவோம். அப்படித் தூக்கியதும் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது சேற்றுப் பழுப்பு, திட்டுத்திட்டாக, ஆழமே இல்லாமல். இதை வார்ம் டோன் (வேண்டுமென்றே வரவழைக்கும் பழுப்புச் சாயல்) என்று ஏமாறாதீர்கள். நாங்கள் மீன் கம்பெனி ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி, ட்ரேக்கு அடியில் வைத்த பெரிய தாம்பாளத் தண்ணீரில் போடுவோம். பை ஓட்டையானால் அன்றைக்கு அறையெல்லாம் சூடை மீன் வாடை.

தண்ணீரும் முக்கியம். கிணற்று உப்புத் தண்ணீரில் கலக்கினால் அதிலுள்ள சுண்ணாம்பு கார்பனேட்டோடு சேர்ந்து பால் மாதிரி கலங்கி, பிரிண்டில் வெள்ளையாகப் படியும். குடம் கணக்கில் வாங்கும் நல்ல தண்ணீர் டெவலப்பருக்குத்தான். கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் மோசமில்லை, படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போவைச் சீக்கிரமே வெளியேற்றும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில்.

இன்னொன்று, சிவப்பு விளக்கில் டோனைத் தீர்மானிக்காதீர்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காக்கா ஒரு பிரிண்டைக் காயவைத்து, கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்த பிறகுதான் மீதியைப் போடச் சொல்வார்.