1,200 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பலாமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படகர் கிராமத்தில்) இருக்கிறோம். ஹால் 18-க்கு 14 அடி. மேலே தகர ஷீட் போட்ட சாய்வுக் கூரை. டிவிக்கும் சோபாவுக்கும் 12 அடி தூரம். மாமியாருக்கு 74 வயது. படத்தில் பாட்டு கேட்கிறது, பேசுவது கேட்கவில்லை என்கிறார். மழை பிடித்துவிட்டால் எங்களுக்கே எதுவும் கேட்பதில்லை. கோவையில் ஒரு கடையில் 1,200 வாட் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப் வூஃபரும் உள்ள) ஹோம் தியேட்டர் 14,000 ரூபாய் சொல்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் 3,000 வாட் செட்டை இன்னும் மலிவாக வாங்கித் தருகிறேன் என்கிறார். 40,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். நல்ல சத்தமாகக் கேட்க எதை வாங்கலாம்?

பதில்: முதலில் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு பெட்டியையும் வாங்க வேண்டாம். 1,200 வாட்டும் பொய், 3,000 வாட்டும் பொய். உங்கள் ஹாலுக்கு 1,200 வாட் தேவையும் இல்லை.

மறுபடி கடைக்குப் போனால் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பின்னால் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும் இடத்திலேயே, அது எத்தனை வாட் கரண்ட் எடுக்கும் என்றும் போட்டிருப்பார்கள். நான் பார்த்த இப்படிப்பட்ட செட்டுகளில் பெரும்பாலும் 50, 60 வாட்தான். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் பெட்டி 1,200 வாட் சத்தத்தை எங்கிருந்து கொண்டுவரும்? பழைய வகை ஆம்ப்ளிஃபயராக இருந்தால் எடுக்கிற கரண்டில் ஏறக்குறைய பாதி சூடாகவே போய்விடும். மிச்சம் 30 வாட். அதை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 வாட். கண்டென்சரில் சேர்ந்திருக்கும் கரண்டால் ஒரு கணம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம்; அதற்காக 60 வாட் இருபது மடங்கு ஆகிவிடாது.

அந்த 1,200 எப்படி வந்தது தெரியுமா? பி.எம்.பி.ஓ. என்று ஒரு கணக்கு இருக்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போகும் ஓர் உச்சத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு, எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, அதற்கு மேலும் பெருக்கிப் போடுவது. அதற்குப் பொதுவான வரையறையே கிடையாது. வாட் என்று பார்த்தால் நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் மட்டும், அதாவது விடாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட். அதுவும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த வாட் என்றால் ஏற்கெனவே குரல் கரகரக்க ஆரம்பித்துவிட்ட அளவு என்று அர்த்தம்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் குவார்ட்டர்ஸிலிருந்து 2,000 வாட் செட் ஒன்று என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. (சிப்) போட்ட சின்ன போர்டு. அந்த ஐ.சி.யின் உண்மையான திறன் ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்து பிரிட்ஜ் செய்தால் 19 வாட். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு எலுமிச்சம்பழம் அளவு. ஸ்பீக்கர் பெட்டியில் மேலே பளபளவென்று தெரிந்த ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) வெறும் பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பின்னால் ஒரு வயர்கூட இல்லை. அடிச்சத்தத்துக்கான சப் வூஃபரைத் தூக்கினால் கனமாக இருக்க வேண்டுமே என்று அடியில் ஒரு சிமென்ட் கட்டியை ஒட்டியிருந்தார்கள். அதை வாங்கியவர் மூன்று மாத போனஸ் பணத்தைச் சேர்த்து வாங்கியிருந்தார். அவரிடம் அதைக் காட்டுவதற்கே எனக்கு மனம் வரவில்லை.

இதைக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். கால் கிலோ டீத்தூள் பாக்கெட்டில் பத்து கிராம் குறைந்தால் எடையளவுத் துறை நடவடிக்கை எடுக்க முடியும். வாட்டில் ஆயிரம் குறைந்தால் யார் வருகிறார்கள்? அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அரசு விதி போட்டுவிட்டார்கள். நம் ஊரில் பெட்டி மேல் இருக்கும் பி.ஐ.எஸ். முத்திரை, ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்ற பாதுகாப்புக்கானது. வாட் சரி என்பதற்கான சான்று அல்ல. கடைக்காரர் அந்த முத்திரையைக் காட்டி "கவர்மென்ட் அப்ரூவ்டு" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைத் தடுக்கிறது, 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், எல்லாம் சரி. ஆனால் 14,000 ரூபாய் பெட்டிக்கு வாட்டை அளந்து நிரூபிக்க நீங்கள் எத்தனை முறை மலையிறங்கி ஏறுவீர்கள்? அதனால் ஏமாறுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்வதுதான் வழி.

சரி, பெட்டி மேல் போட்ட வாட்டை நம்பக் கூடாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வருகிறது என்ற எண். ஒரே தீவனத்தைத் தின்று ஒரு மாடு ஐந்து லிட்டர் கறக்கும், இன்னொன்று எட்டு லிட்டர் கறக்கும் இல்லையா, அதுபோலத்தான். சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 82 டெசிபல் ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுத்து வரும் சத்தம், 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுத்தாலே வந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்குக் கொட்டும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஹாலுக்கே கணக்குப் போடலாம். 12 அடி என்பது சுமார் மூன்றரை மீட்டர். திறந்த வெளியாக இருந்தால் அந்தத் தூரத்தில் 11 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, இருந்தாலும் 11 என்றே வைப்போம். 88-இல் 11 போனால் 77. இது ஒரு வாட்டுக்கு; அதைப்போல் ஐம்பது மடங்காக 50 வாட் கொடுத்தால் 17 கூடி 94. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடும்போது இன்னொரு 3, மொத்தம் 97 டெசிபல். ஒரு குடும்பம் உட்கார்ந்து படம் பார்க்க இது தாராளம். ஆனால் இந்த உச்ச அளவிலேயே தினமும் நெடுநேரம் கேட்டால் காதுக்குத்தான் கெடுதல். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே பாதுகாப்பு எல்லை, அதிலிருந்து ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது.

ஸ்பீக்கர் தாளில் 4 ஓம் என்று இருந்தால் மட்டும் சென்சிட்டிவிட்டி எண்ணில் 3 கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓமில் அது ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட்.

இப்போது மழைக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் சரிப்படாத ஒரே இடம் உங்கள் தகரக் கூரைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாக அடிக்கும். அக்டோபர், நவம்பரில் என் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 70 டெசிபலைத் தாண்டியது. பேச்சு தெளிவாகப் புரிய வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். அப்படியானால் சாதாரண வசனமே 85-இல் வர வேண்டும். படத்தில் ஓர் அடி, ஒரு வெடி என்றால் அது வசனத்தைவிட 20 டெசிபல் எகிறும். 105 ஆகிவிடும். 40,000 ரூபாயில் அது முடியாது. முடிந்தாலும் வேண்டாம், 74 வயதுக் காதுக்கு அந்த அடி தாங்காது.

மழையை ஸ்பீக்கரால் ஜெயிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற வழிகள் தெரியும். முதல் வழிக்குக் காசே வேண்டாம். மழை நாளில் மாமியாரின் நாற்காலியை 6 அடிக்கு முன்னால் இழுத்துப் போடுங்கள். தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் சத்தம் 6 டெசிபல் கூடும், நான்கு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம். இரண்டாவது, அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வயர் இழுத்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர் வைப்பது. ப்ளூடூத் வேண்டாம், உதடு அசைந்த பிறகு குரல் வரும். மூன்றாவது கூரையையே கவனிப்பது. இங்கேதான் தெர்மாகோல் சீலிங் போடுகிறவர்கள் வருவார்கள். தெர்மாகோல் குளிரைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். ஜிப்சம் போர்டோ சிமென்ட் போர்டோ போட்டு, அதற்கு மேல் ராக் வுல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) பரப்பினால்தான் வித்தியாசம் தெரியும். சீலிங் போட வருகிறவரே "ஸ்பீக்கரும் நானே மாட்டித் தருகிறேன்" என்பார். எந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் என்று விசாரிக்காமல் சரி சொல்லாதீர்கள்.

வாங்க வேண்டியது என்ன? உங்கள் பணத்துக்கு ஐந்து ஸ்பீக்கர் என்ற ஆசையை விடுங்கள். மட்டமான ஐந்தைவிட உருப்படியான மூன்று மேல். பாதிப் பணத்தை ஒரு பெயர் தெரிந்த கம்பெனியின் ஆரம்ப நிலை ஏ.வி. ரிசீவருக்கு (டிவி சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) ஒதுக்குங்கள். மீதியில் ஐந்தரை அல்லது ஆறரை இஞ்ச் வூஃபர் (பெட்டிக்குள் இருக்கும் பெரிய கூம்பு) உள்ள, 87 டெசிபலுக்குக் குறையாத ஒரு ஜோடி ஸ்பீக்கரும், டிவிக்குக் கீழே வைக்க ஒரு சென்டர் ஸ்பீக்கரும். வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வருகிறது. உங்கள் மாமியார் ஓரத்தில், கணப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறவராக இருந்தால் அது அவசியம். சப் வூஃபரை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம். அது வந்ததும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை அதற்குத் திருப்பிவிட்டால் மற்ற மூன்றும் சிரமமில்லாமல் இன்னும் சத்தமாகப் பாடும்.

ரிசீவரில் இரண்டு அமைப்பை மறக்காதீர்கள். சென்டர் லெவலை 3 டெசிபல் ஏற்றுங்கள். நைட் மோட் என்றோ டைனமிக் ரேஞ்ச் என்றோ இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்; உரத்த சத்தம் அடங்கி, மெல்லிய பேச்சு மேலே வரும். உங்கள் டிவியிலேயேகூட இந்த நைட் மோட் இருக்கலாம். ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் இன்றைக்கே ரிமோட்டை எடுத்துத் தேடிப் பாருங்கள்.

தலைக்கு மேலிருந்து சத்தம் வருவதுபோல் காட்ட, கூரையில் பட்டுத் திரும்பும் அட்மாஸ் ஸ்பீக்கர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்குத் தட்டையான சீலிங் வேண்டும். உங்கள் சாய்வுத் தகரத்தில் பட்டு அது வேறெங்கோ போய்விடும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மைக் செட் கட்டுகிறவர் பழைய 15 இஞ்ச் பெட்டி தருகிறேன் என்பார். அது உண்மையிலேயே சத்தமாகப் பாடும், மறுக்கவில்லை. ஆனால் பந்தலுக்குச் செய்த பெட்டி 12 அடியில் உட்கார்ந்து கேட்க முரடாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ரிசீவர் என்றால் வோல்டேஜைப் பாருங்கள்; ஜப்பானுக்குச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்பீக்கர் வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும்; செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைத் தலையில் கட்டுவார்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வூஃபரின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். நம் மலை ஈரத்தில் ஸ்பாஞ்ச் விளிம்பு சில வருடங்களில் உதிர்ந்துவிடும். பெட்டியைக் குளிர்ந்த சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். இடி இடித்தால் கரண்ட் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் கழற்றிவிடுங்கள். என்னிடம் வரும் ரிசீவர்களில் எச்.டி.எம்.ஐ. போர்டு எரிந்தவை பெரும்பாலும் அந்த வயர் வழியாக இடி வாங்கியவை.

வாரன்டியைப் பற்றிக் கடையிலேயே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்பார்கள். கோத்தகிரி என்றதும் பெட்டியைக் கோவைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். மலையில் இருப்பவர்களும் அதே விலைதானே கொடுக்கிறோம், இது எந்த நியாயம் என்று நான் கேட்காத வருடம் இல்லை. உறவுக்காரர் மூலம் ரிச்சி தெருவில் பில் இல்லாமல் வாங்கினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கோவைக்குப் போகும்போது, உடம்புக்கு முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் டெமோ பாட்டு போட விடாதீர்கள். வீட்டில் அவருக்குப் புரியாமல் போன ஒரு காட்சியை பென் டிரைவில் கொண்டுபோய் அதைப் போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரிலிருந்து 12 அடி அளந்து நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, அந்தக் காட்சியில் என்ன பேசினார்கள் என்று அவரையே கேளுங்கள்.