வேலி போடும் முன் விண்ணப்பம் போடுங்கள்

கேள்வி: எங்கள் மகளும் மருமகனும் அமெரிக்காவில் மேய்ச்சல் நிலம் வாங்கி, இப்போதுதான் மாடு வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து மாடுகளை மாற்றி மாற்றி மேயவிட்டால் அரசு மானியம் தரும் என்று கேள்விப்பட்டோம். உண்மையா? அதை நம்பி வேலி வேலையைத் தொடங்கலாமா?

பதில்: மானியம் உண்மைதான். ஆனால் வேலி வேலையை இப்போது தொட வேண்டாம் என்று இன்றைக்கே மகளிடம் சொல்லிவிடுங்கள். அரசோடு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே நட்ட கம்பத்துக்கும் இழுத்த கம்பிக்கும் பொதுவாக ஒரு காசும் கிடைக்காது. ஆர்வத்தில் வேலையை முடித்துவிட்டு ரசீதோடு அலுவலகம் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

அங்கே இதற்கென்று இருக்கும் பெரிய திட்டம் சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம், சுருக்கமாக ‘ஈக்விப்’ (EQIP) என்பார்கள். 1996-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் வந்தது. நடத்துவது வேளாண் துறையின் கீழ் உள்ள இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. புழுதிப்புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போன காலத்தில், 1935-இல், மண்ணைக் காப்பதற்காகத் தொடங்கிய அமைப்பு. 2018 வேளாண் சட்டத்தின்படி ஈக்விப் பணத்தில் குறைந்தது பாதி கால்நடை சார்ந்த வேலைகளுக்குப் போக வேண்டும், அதனால் மாடு வைத்திருப்பவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

வேலி, தண்ணீர்க் குழாய், தொட்டி, புல் விதைப்பு, மேய்ச்சல் திட்டம் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை தருவார்கள். விவசாயத்துக்கு வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகாதவர்களைப் புதிய விவசாயிகள் என்று கணக்கில் எடுத்து 90 சதவீதம் வரையிலும் கொடுக்கிறார்கள். உங்கள் மகள் குடும்பம் இதில் வரும் என்றுதான் தோன்றுகிறது, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிடாமல் குறிக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் சாதாரணமாக வேலை முடிந்து, அதிகாரி வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பணம் வரும், அதுவரை கைக்காசைப் போட வேண்டும். புதிய விவசாயிகளோ பாதித் தொகையையாவது முன்பணமாகக் கேட்க முடியும். இன்னொன்று, விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த அலுவலகத்தின் ஆள் நிலத்துக்கே வந்து, கட்டணம் இல்லாமல், கூடவே நடந்து பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுப்பது. அவரிடம் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எல்லோருக்கும் வேலி மேல்தான் கண், ஆனால் கோடையில் ஒரு பெரிய மாடு நாளுக்கு 60 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும், தொட்டி தூரமாக இருந்தால் மாடுகள் தொட்டியைச் சுற்றியே நின்று அங்கே இருக்கும் புல்லை மொட்டையடித்துவிட்டு, தள்ளி இருக்கும் புல்லைத் தொடாமல் முற்றவிட்டுவிடும். ஒவ்வொரு பகுதியிலும் தண்ணீர் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் எத்தனை வேலி போட்டும் பயன் இல்லை.

மாற்றி மேய்ப்பதன் காரணமும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாடு கடித்த புல் மறுபடி தளிர்க்கும்போது சேமித்து வைத்த சத்தை எடுத்துத்தான் தளிர்க்கிறது. அந்த இளந்தளிர்தான் மாட்டுக்கு ருசி, திறந்து விட்டால் இரண்டு மூன்று நாளில் அதையே தேடி வந்து மறுபடி கடிக்கும், இப்படியே போனால் வேர் சுருங்கி நல்ல புல் செத்து, மாடு தொடாத களைதான் மிஞ்சும். வசந்தத்தில் இரண்டு மூன்று வாரம் ஓய்வு கொடுத்தால் போதுமான புல்லுக்கு வறண்ட கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு தேவைப்படும், அதனால் நாள்காட்டியைப் பார்த்து மாற்றக் கூடாது, புல்லின் உயரத்தைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பார்வைக்கு எந்த அரசும் மானியம் தர முடியாது. நியூசிலாந்தில் 1984-இல் தொடங்கி விவசாய மானியங்களை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அங்கே சுழற்சி மேய்ச்சல் நின்றுவிடவில்லை; புல்லைப் பார்க்கத் தெரிந்த விவசாயிகள் இருந்தார்கள்.

அதற்காக மானியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குழாயும் வேலியும் முதல் ஆண்டிலேயே மொத்தமாகச் செலவு வைக்கும், புல் அதைத் திருப்பித் தரவோ சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியைச் சிறு குடும்பங்கள் தனியாகத் தாங்குவது கஷ்டம், அரசு கைகொடுப்பது நியாயம்தான்.

கேள்வி: பணம் வாங்கிய பிறகு ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

பதில்: உண்டு. போட்ட வேலியையும் தொட்டியையும் குறிப்பிட்ட காலம் வரை பராமரிக்க வேண்டும். வேலிக்குப் பொதுவாக 20 ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது நிலத்தை விற்கும் எண்ணம் வந்தால் அலுவலகத்தில் பேசிவிட்டுத்தான் விற்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். குத்தகை நிலத்துக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒப்பந்தக் காலம் முழுவதும் நிலம் தங்கள் கையில் இருக்கும் என்று காட்ட வேண்டும். பண்ணைக்கு இன்னும் பதிவு எண் வாங்கவில்லை என்றால் அதை முதலில் வாங்கச் சொல்லுங்கள்.