பேஸ்பாலின் முதல் நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாகச் சின்சினாட்டிக்குக் குடிவந்திருக்கிறோம். பேஸ்பால் பருவம் தொடங்கும் நாளில் இந்த ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறது. அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. என் மகளின் வகுப்பிலும் பலர் அன்று விடுப்பு எடுப்பார்களாம். அவளும் கேட்கிறாள். ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் முதல் ஆட்டத்தில் வென்றால் என்ன, தோற்றால் என்ன? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது பிடிபடவில்லை. அமெரிக்காவில் இருந்தபோது நீங்கள் இதையெல்லாம் பார்த்திருப்பீர்கள். எழுதுங்களேன். மகளுக்கு விடுப்புக் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்த்திருக்கிறேன், உங்கள் ஊரிலேயே. ஃபின்லே மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் ஊர்வலத்தைக் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். 1920-இல் தொடங்கிய ஊர்வலம் அது. பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம், தீயணைப்பு வண்டிகள், அப்பாக்களின் தோளில் குழந்தைகள் என்று நம் ஊர்த் தேரோட்டத்தின் களை அதில் இருந்தது. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து 1869-இல் முதல் அணியை நிறுத்திய ஊர் சின்சினாட்டி. அந்தப் பெருமையில், ஏறக்குறைய எல்லா ஆண்டுகளிலும் முதல் ஆட்டத்தைச் சொந்த மண்ணில்தான் ஆடுகிறார்கள்.

வெற்றி தோல்வியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1994-இல் சிகாகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ் முதல் நாளன்றே மூன்று ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அணி தோற்றது. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் அடித்தது மொத்தம் எட்டுதான். முதல் நாளை நம்பி எதையும் கணிக்க முடியாது. ஆனால் எனக்கு அந்த நாள் முக்கியமாகப்படுவது வேறு காரணத்தால். இந்த ஆண்டு களத்தில் நிற்கப்போகிறவர்கள் யார் என்பதை ஊர் கூடிப் பார்க்கும் நாள் அது.

1947 ஏப்ரல் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளினில், எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில், டாட்ஜர்ஸ் அணியின் முதல் பேஸில், அதாவது ரன் எடுக்கத் தொட்டு ஓடவேண்டிய நான்கு முனைகளில் முதலாவதைக் காக்க, ஜாக்கி ராபின்சன் வந்து நின்றார். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேஸ்பாலின் உச்சப் போட்டிகளான பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பர்கூடச் சேர்க்கப்படவில்லை. சுமார் 26,000 பேர் வந்திருந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள் என்பது அன்றைய மதிப்பீடு. மனைவி ரேச்சல் கைக்குழந்தையோடு வந்திருந்தார்.

அன்று ராபின்சனுக்கு ஒரு ஹிட்கூட (அடித்த அடியால் பேஸை எட்டுவது) அமையவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. ராபின்சன் பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். அவரை வீழ்த்த எறிந்த பந்து அவர் தோளில் பட்டுத் தெறித்து ஓடியது. அவர் நிற்காமல் இரண்டாம் பேஸை எட்டினார். அடுத்து வந்த பீட் ரைசர் ஓங்கி அடிக்க, ராபின்சன் ஓடிவந்து எடுத்த ரன்தான் அணியை முன்னுக்குக் கொண்டுவந்தது. 5-3 என்று வென்றார்கள். அந்த ஓட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்தக் கதையின் மிச்சம் உங்கள் ஊரில் நடந்தது. 1972 அக்டோபரில், ரிவர்ஃப்ரன்ட் மைதானத்தில் நடந்த உலகத் தொடர் (ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் தொடர்) ஆட்டத்துக்கு ராபின்சனை அழைத்துக் கௌரவித்தார்கள். சர்க்கரை நோயால் பார்வை மங்கியிருந்தார். நன்றி சொன்னதோடு நிறுத்தவில்லை. ஒரு கறுப்பர் மேனேஜராக அணியை நடத்துவதைக் காணும் நாளில்தான் தன் மகிழ்ச்சி கூடும் என்று அங்கேயே சொன்னார். ஒன்பது நாளில் இறந்துபோனார்.

அதே மைதானத்தில் 1974 ஏப்ரல் 4 அன்று, முதல் நாள் ஆட்டத்தில், அட்லாண்டா அணியின் ஹாங்க் ஆரன் அந்தப் பருவத்தில் முதல் முறை மட்டையை வீசியபோதே 714-ஆவது ஹோம் ரன்னை அடித்து, வாழ்நாளில் மிக அதிக ஹோம் ரன் என்ற பேப் ரூத்தின் சாதனையைத் தொட்டார். கறுப்பர் ஒருவர் அதைத் தொடக்கூடாது என்று கொலை மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட தேதியும் அதுதான். அவருக்காக ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று ஆரன் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ராபின்சன் கேட்டது 1975 ஏப்ரல் 8 அன்று நடந்தது. அதுவும் ஒரு முதல் நாள்தான். கிளீவ்லண்டில் ஃப்ராங்க் ராபின்சன் பெரிய லீக்குகளின் முதல் கறுப்பின மேனேஜராகப் பொறுப்பேற்றார். பெயர்தான் ஒன்று, உறவில்லை. ஆட்டக்காரராகவும் இருந்த அவர், முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் அடித்தார். ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயமாகத் தொடக்கப் பந்தை எறிந்தவர் ஜாக்கியின் மனைவி ரேச்சல் ராபின்சன்.

இந்த ஃப்ராங்க் ராபின்சன் 1956 முதல் 1965 வரை உங்கள் ஊர் அணியான ரெட்ஸுக்கு ஆடியவர். இப்போதைய மைதானத்தின் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. மகளைத் தனியே அனுப்பாதீர்கள், நீங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் ஊர்வலம் பார்த்துவிட்டு அந்தச் சிலை வரை நடந்துபோய், 1947-இலிருந்து தொடங்கி அவளுக்குச் சொல்லுங்கள். ஆற்றங்கரையில் அந்த நேரத்தில் குளிர் கடுமையாக இருக்கும், கனமான ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள்.